நடுமடிப்பில் ஒருத்தி

ஜூன் 11, திங்கள்

ஒன்பது கவுன்களையும் அலசிக் கொடியில் போட்டேன். எங்கள் தேவாலயச் சபையின் நாடகப் பெட்டியில் கிடந்தவை. எத்தனை அலசியும் பூச்சி உருண்டை வாடை போகவில்லை. சனிக்கிழமை சபைப் பிள்ளைகள் வந்து இவற்றைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் புகைப்படம் எடுப்பேன். பிறகு அதைப் பார்த்து வரைவேன். இருபது வருடமாக என் வேலை இப்படித்தான். முகங்களைக் கற்பனையிலிருந்து வரைகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

நியூயார்க்கிலிருந்து மேரன் பேசினாள். என் சிறுவர் படப் புத்தகத்தின் பதிப்பாசிரியர். "ஜூலை முதல் வாரம் பென்சில் படமெல்லாம் வந்துடணும் லவோன். உங்க அம்மாவோட கதைங்கிறதாலதான் இங்க எல்லாருக்கும் இது மேல ஒரு இது."

அம்மாவின் கதை. அம்மாவே சொல்லாத கதை. அறுபத்துமூன்று ஜூலையில் ஒன்பது கறுப்புப் பெண்பிள்ளைகள் எங்கள் ஊர் நூலகத்தின் முன்வாசல் வழியே உள்ளே போய், உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமான நூலகம். போலீஸ்காரர்கள் ஊருக்கு வெளியே ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் அவர்களை முப்பத்தெட்டு நாள் பூட்டி வைத்தார்கள். அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. இவ்வளவும் பழைய செய்தித்தாளிலும் சபை முற்றத்துக் கல்லில் செதுக்கிய ஒன்பது பெயர்களிலும் இருக்கிறது. அம்மா சொன்னதை மட்டும் வைத்து எழுதினால் ஒரு பக்கம் தேறாது.

ஜூன் 16, சனி

படம் எடுத்தாயிற்று. பதினோரு வயது நைலாவின் வாய்தான் ஓயவில்லை. "மிஸ் லவோன், இந்தக் கவுனுக்குள்ள யாராச்சும் செத்திருக்காங்களா? வாடை அப்படி இருக்கு." மற்றவை விழுந்து விழுந்து சிரித்தன.

ஒன்று உறுத்துகிறது. எல்லாப் படத்திலும் ஐந்தாவது பெண்ணுக்கும் ஆறாவது பெண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் இடைவெளி. நகர்ந்து நிற்கச் சொன்னேன். நகர்ந்தார்கள். அடுத்த படத்தில் மறுபடி இடைவெளி.

"ஏன் நடுவுல இடம் விடுறீங்க?"

"நீங்கதானே விடச் சொன்னீங்க?" என்றாள் நைலா.

சொல்லியிருப்பேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரையும்போது நடுமடிப்பில், தையல் விழும் இடத்தில், யாரும் இருக்கக் கூடாது. புத்தகம் கட்டியதும் மடிப்பு அவர்களை விழுங்கிவிடும். கல்லூரியில் முதல் வாரப் பாடம் அது. இப்போது பல்கலைக்கழகத்தில் நானே அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் பழக்கத்தில் சொல்லியிருப்பேன். சொன்னதாக நினைவில்லை.

அம்மா கெளுத்தி மீனும் சோள ரொட்டியும் செய்து பத்துத் தட்டு எடுத்து வைத்தாள். பிள்ளைகள் ஒன்பது பேர், அவள் முன்பே சாப்பிட்டுவிட்டாள், நான் சாப்பிடப் போவதில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். கேட்டால், "யாராச்சும் வந்தா?" அவள் எப்போதும் அப்படித்தான். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் மேஜையில் மூன்று தட்டு.

ஜூன் 27, புதன்

கிட்டங்கிக்குப் போனேன், அளவு எடுக்க. நிலத்துக்காரர் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எத்தனை பேர்னு போடுறீங்க, மேடம்?"

"ஒன்பது."

"ம்." காலால் மண்ணைக் கிளறினார். "எங்கப்பாவும் ஒன்பதுன்னுதான் சொல்வாரு. யாரும் கேக்காமலே சொல்வாரு."

உள்ளே நடுப்பகல் வெயிலில் கூரைத் தகரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஜன்னல், ஏழரை அடி உயரத்தில், கம்பி போட்டது. அளவு நாடாவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனேன். மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் விறைப்பாக நின்றது. திரும்பிப் பார்த்தேன். கொக்கி ஓர் ஆணியில் மாட்டியிருந்தது. ஆணிதான், கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆனால் கொக்கியைக் கழற்றிவிட்டு நாடாவைச் சுருட்டியபோது அது உடனே வரவில்லை. பிறகு வந்தது.

இருபத்தெட்டு அடி, நான்கு அங்குலம்.

ஜூலை 9, திங்கள்

படங்கள் போய்ச் சேர்ந்தன. மேரன் பேசினாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு லவோன். ஒரு சந்தேகம். அந்தப் பத்தாவது பொண்ணு யாரு?"

"ஒன்பதுதான் மேரன்."

"எண்ணிப் பாருங்க. பதினாலு இரட்டைப் பக்கத்துல பதினொண்ணுல இருக்கா. அதுவும் சரியா நடுமடிப்புல. தச்சா பாதி மூஞ்சி உள்ள போயிடும். நீங்களா இப்படி? நாங்க உங்களைத்தானே உதாரணம் காட்டுவோம்!" சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். பிறகு நகல்களைத் தரையில் பரப்பினேன்.

இருக்கிறாள். மெலிந்த பெண். நூலகப் படியில் ஏறும் படத்தில் அவள் இல்லை. பிடித்துக்கொண்டு போகும் படத்தில் முளைக்கிறாள், அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் இருக்கிறாள். முகம் பாதிதான் தெரிகிறது, யாருடைய தோளோ மறைக்கிறது. இடது காலில் ஷூ இல்லை. ஒவ்வொரு படத்திலும் இல்லை.

புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த இடம் காலி. மாதிரி இல்லாமல் நான் முகம் வரைந்ததே கிடையாது.

ஜூலை 10

பத்து. மறுபடி எண்ணினேன். பத்து.

ஜூலை 12, வியாழன்

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோட்டக் கணக்கைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்காவது படத்தில் நின்றாள். விரல் நேராக அந்த இடது காலுக்குப் போனது.

"ஷூ விஷயத்த யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலம்மா. என்ன ஷூ?"

"கிளியோத்தாவா?"

"யாரும் இல்லன்னு சொல்றேன்ல."

என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று நம்ப விரும்பினாள். அது எனக்குப் புரிந்தது. எழுந்துபோய் பீன்ஸ் உரிக்க உட்கார்ந்தாள். ஒரு கூடை. அதில் பாதி காலையிலேயே உரித்து வைத்தது, வெறும் தோல். அதையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14, சனி

அவளை அழித்தேன். நான்காவது படத்தில் மட்டும், சோதித்துப் பார்க்க. ரப்பர் தேய்த்த இடம் தாளின் மற்ற இடத்தைவிட வெளுத்துவிட்டது. சரியாக ஒரு பெண் அளவுக்கு. முன்பு அவள் யாரோ ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் இருந்தாள். இப்போது எல்லோருக்கும் முன்னால் நிற்கிறாள்.

ஜூலை 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கிளியோத்தா பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அந்த ஒன்பது பேரில் இன்னும் உயிரோடு இருக்கும் ஐந்து பேரில் ஒருத்தி. அம்மாவுக்கு இரண்டு வயது மூத்தவள். ஊரில் யாரையும் விட்டு வைக்காத வாய்.

"வா படிச்ச புள்ள. சாமி இருக்காருன்னு யுனிவர்சிட்டியில ஒத்துக்கிட்டாங்களா இல்லியா?"

"இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க பெரியம்மா."

"பேசட்டும், பேசட்டும். அவருக்கென்ன, காத்திருப்பாரு."

நகலை நீட்டினேன். பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. மூக்கருகே வைத்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது, அணைக்க மறந்த விளக்குபோல.

"இவ தலைமுடி இப்படி இல்ல. ரெண்டு பின்னல். நான்தான் பின்னி விட்டேன், அங்க வச்சு."

"யாரு இவ?"

தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். "உங்கம்மாவக் கேளு."

"அம்மா பேச மாட்டேங்கறாங்க. நீங்களாச்சும்..."

"நான் சொன்னா அது கோள் சொல்றது, கண்ணு. அவ சொன்னாத்தான் அது சாட்சி. அம்பத்தஞ்சு வருஷமா அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

வெளியே வரும்போது பின்னாலிருந்து கத்தினாள்: "பேரோடதான் கூப்பிட்டாங்க! அத மட்டும் கேளு!"

ஜூலை 21, சனி

சொன்னாள்.

மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். போர்வையின் இரண்டு முனை அவள் கையில், இரண்டு என் கையில். கிட்டே வந்து என் முனைகளை வாங்கிக்கொள்ள வேண்டியவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஒஸெல்லா பிட்ஸ்," என்றாள். "அவ நூலகத்துக்கே வரல லவோன். ரோட்டுல ரொட்டி வாங்கிட்டுப் போயிட்டிருந்தா. எங்கள ஏத்துறப்ப அவளையும் சேத்து ஏத்திட்டாங்க. கறுப்புப் பொண்ணு, அவங்களுக்கு அவ்வளவுதானே. வண்டியில ஏத்துறப்ப ஒரு ஷூ கழண்டு ரோட்டுலயே கிடந்திச்சு."

பிறகு சொன்னதைச் சொன்ன வரிசையில் எழுதி வைக்கிறேன். அழகுபடுத்தவில்லை.

பதினோராம் நாள். ஒஸெல்லாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், சுவரோரம் படுத்திருந்தாள். அவளுடைய அத்தை யார் யார் காலிலோ விழுந்து, இவள் நூலகத்துக்கே போகவில்லை என்று ஒரு கடிதம் வாங்கியிருந்தாள். காலையில் காவல்காரன் கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒஸெல்லா பிட்ஸ். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை. இரண்டாம் தடவை. அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"அவனுக்கு எங்க மூஞ்சி ஒண்ணுக்கொண்ணு தெரியாது. எல்லாம் ஒண்ணுதான் அவனுக்கு. மூணாந்தடவ கூப்பிட்டான். நான் எந்திரிச்சி, 'இருக்கேன் சார்'ன்னேன்."

கதவோரம் கிடந்த ஒற்றை ஷூவைப் பார்த்து, "உன்னோடதா?" என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்று அதையும் எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள். தாத்தா அவளை மாமா பண்ணையில் ஒளித்து வைத்தார், மற்றவர்கள் வெளியே வரும்வரை. ஊருக்கு எதுவும் தெரியாது. அவளும் முப்பத்தெட்டு நாள் உள்ளே இருந்ததாகத்தான் ஊர் நினைத்தது, நினைக்கிறது.

நாலு நாள் கழித்து இரண்டு பேர் ஒஸெல்லாவை ஒரு போர்வையில் தூக்கி வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்களாம். திரும்பி வரவில்லை. அத்தை போய்க் கேட்டபோது காகிதத்தைக் காட்டினார்களாம்: அவளை அன்றைக்கே விட்டுவிட்டோம், எங்கேயோ ஓடிப் போயிருப்பாள். அத்தை கடைசிவரை வடக்கே தேடினாள். டெட்ராய்ட்டில் செத்தாள்.

நான் என்ன சொன்னேன்? 'நீ அப்ப சின்னப் புள்ளம்மா' என்றேன். எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"அவளும் சின்னப் புள்ளதான்டி," என்றாள்.

போர்வை இன்னும் எங்கள் இருவர் கையிலும் இருந்தது. நடுவில் தொய்ந்து... யாரோ உள்ளே படுத்திருப்பதுபோல. ஐயோ, என்ன எழுதறேன் நான்? போர்வை தொய்ந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 23, திங்கள்

மேஜை இழுப்பறை. நீதிமன்றக் காகித நகல்கள், போன வருடம் நானே எடுத்தவை. பதினாறாவது தாள்: 'ஓ. பிட்ஸ், குடும்பத்தாரிடம் விடப்பட்டாள்.' தேதி சரியாகப் பதினோராம் நாள். ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: வேறு வழக்கு, சேர்க்க வேண்டாம்.

சான்றில்லாமல் எதையும் நம்பமாட்டேன் என்று வகுப்பில் மார்தட்டுகிறவள்.

ஷூ அம்மாவின் தையல் மெஷின் பெட்டிக்குள், பழுப்புத் தாளில் சுற்றி இருக்கிறது. வலது கால் ஷூ. ஐந்து வயதில் நான் அந்தப் பெட்டியைக் குடைந்து அடி வாங்கியது நினைவிருக்கிறது. அப்போது பார்த்திருப்பேன். அம்மா தூக்கத்தில் பிதற்றுவாள், பெயர் காதில் விழுந்திருக்கும். மூன்றாவது தட்டை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் உள்ளே கிடந்து கைவழியே வந்திருக்கிறது. இது போதுமான விளக்கம். நல்ல விளக்கம்.

பிள்ளைகள் எதற்காக இடம் விட்டார்கள்?

ஜூலை 30, திங்கள்

மேரனிடம் சொன்னேன்.

"உங்க அம்மா கதைன்னுதான் வித்திருக்கோம் லவோன். எட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு இத எப்படி...? அந்தப் பொண்ண அழிச்சிட்டா யாருக்கும் தெரியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் இந்த வாக்கியத்தைத்தான் ஐம்பத்தைந்து வருடமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறோம்.

"அவ இல்லாம புத்தகம் இல்ல," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. யோசிக்க ஒரு மாதம் கேட்டாள்.

ஆனால் முடிவு என்னுடையதும் இல்லை, மேரனுடையதும் இல்லை. ஊர் அம்மாவை என்ன செய்யும்? கல்லில் மூன்றாவது பெயர் அவளுடையது. பள்ளிக்கூடக் கூடத்தில் அவள் படம் மாட்டியிருக்கிறது. கடைத்தெருவில் எழுந்து நின்று அவளுக்கு வழி விடுகிறார்கள்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை சபையில் பெயர் அழைப்பு. அம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இந்த வருஷம் நான் அடுப்படிக்குப் போகல," என்றாள்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், நாளைக்கு வேறு மாதிரி நினைவிருக்கும்.

ஒவ்வோர் ஆகஸ்டும் பாஸ்டர் கல்லிலுள்ள ஒன்பது பெயரையும் படிப்பார். உயிரோடு இருப்பவர்கள் எழுந்து "இருக்கேன்" என்பார்கள். இறந்தவர் பெயருக்குச் சபை முழுவதும் சேர்ந்து "இருக்கேன்" என்று சொல்லும். அம்மா மட்டும் அந்த நேரத்தில் சபை அடுப்படியில் கோழி வறுத்துக்கொண்டிருப்பாள், கிளியோத்தா பெரியம்மா அவளுக்காகச் சொல்லிவிடுவாள். அடக்கம் என்று ஊரே மெச்சிக்கொண்டது. நானும்தான்.

இன்று மூன்றாவது பெயர் வந்ததும் அம்மா எழுந்தாள். சபை திரும்பிப் பார்த்தது. யாரோ கை தட்டக்கூடத் தொடங்கினார்கள்.

"பதினோராம் நாள் வரைக்கும் இருந்தேன்," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஏழெட்டு வாக்கியம், குரல் உயரவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர், "எர்னஸ்டீன், உக்காரு, வெயிலு தலைக்கேறிடுச்சு," என்றார். பெரியம்மா தடியைத் தரையில் தட்டினாள். "நீ உக்காருடா ஹோரஸ். அவ எந்திரிச்சிப் போனத நான் பாத்தேன். பாத்துட்டு கண்ண மூடிக்கிட்டுத் தூங்குற மாதிரி கிடந்தேன். அடுத்து கதவு திறந்தா நானும் போயிடலாம்னு."

அம்மா பாஸ்டரிடம், "பத்தாவது பேரு கூப்பிடுங்க ஐயா," என்றாள்.

பாஸ்டர் மொஸ்லி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கூப்பிட்டார். ஒஸெல்லா பிட்ஸ்.

யார் பதில் சொல்வது? உயிரோடு இருந்தால் அவள் சொல்ல வேண்டும். இறந்திருந்தால் நாங்கள் எல்லோரும் சொல்ல வேண்டும். எது என்று யாருக்கும் தெரியாது. இருநூறு பேர் வாயைத் திறந்து, திறந்தபடியே இருந்தோம். விசிறிகள்கூட நின்றுவிட்டன. பாஸ்டர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், எலும்பு நோக. உதடு இரண்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயருக்கு அவள் ஒரு தடவை பதில் சொன்னது போதும்.

மூன்றாம் தடவை.

"இருக்கேன்."

பிள்ளைகள் உட்காரும் பக்கத்திலிருந்து வந்தது. சின்னக் குரல், தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

முடிந்ததும் நைலாவைப் பிடித்தேன். "நீதானே?"

"நான் இல்ல மிஸ் லவோன். என் பக்கத்துல."

"பக்கத்துல யாரு?"

நைலா தன் பெஞ்சைப் பார்த்தாள், பிறகு என்னை. பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

பிள்ளைகள் விளையாட்டு. அப்படித்தான் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

சபையில் எங்கள் வரிசையில் எங்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. பாட்டு தொடங்கிய பிறகு கிளியோத்தா பெரியம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்து அம்மாவை இடித்து உட்கார்ந்தாள். "தள்ளு. உங்க ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு இடம்?"

செப்டம்பர் 4, செவ்வாய்

மேரன்: "சரி. பத்து பேர். ஆனா அவள மடிப்புலேருந்து வெளிய எடுங்க, முழு மூஞ்சி தெரியட்டும்."

பின்னல் இரண்டாக.

செப்டம்பர் 13, வியாழன்

அவளை வெளியே எடுத்தால் எல்லோரும் ஓர் இடம் நகர வேண்டியிருக்கிறது. யாராவது ஒருத்தி மடிப்புக்குள் விழுகிறாள். எப்படி மாற்றி மாற்றி நிறுத்தினாலும், ஒருத்தி. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னையப் போடு அங்க."

"மறைஞ்சிடுவம்மா. ஒரு கைதான் வெளிய தெரியும்."

"தெரியுதுல்ல, ஒரு கை? போடு."

மே 9, வியாழன்

புத்தகம் வந்தது, ஆறு பிரதிகள். தையல் இறுக்கமாக இருக்கிறது, நல்ல தாள். கல்லில் பத்தாவது பெயருக்கு முன்பக்கம் இடமில்லாமல் பக்கவாட்டில் செதுக்கியிருந்தார்களே, அதைக் கடைசிப் பக்கத்தில் வரைந்தது மட்டும் கொஞ்சம் இருட்டாகிவிட்டது.

அம்மா நான்காவது படத்தைத் திறந்தாள். இரண்டு பின்னலோடு ஒஸெல்லா நேராகப் பார்த்தாள். மடிப்பை அம்மா கட்டைவிரலால் அழுத்தி விரித்துப் பார்த்தாள். அம்மாவின் முகம் வெளியே வரவில்லை. ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சரியா இருக்கு," என்று மூடி வைத்தாள்.

மதியம் சோள ரொட்டி, கீரை. மேஜையில் அம்மா இரண்டு தட்டு மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு, எனக்கு.

மூன்றாவதை நான் எடுத்து வைத்தேன்.